பழங்காசைத் துலக்காதீர், பாதுகாப்பீர்!



நாணயம் நம் கையில் புழங்குவது போல் வேறு எவர் கையிலும் புழங்குவதில்லை. ஊரில் புதிதாக ஒரு காசு வந்தால் அது முதலில் வந்து விழும் இடம் நம் கல்லாப்பெட்டிதான். 1995ஆம் ஆண்டு தஞ்சையில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவம் பொறித்த 5 ரூபாய் நாணயம் வந்தது. 2003இல் காமராசர் நூற்றாண்டுக் காசும், 2009இல் அறிஞர் அண்ணா நூற்றாண்டுக் காசும் வந்தன. அப்போது கல்லாவில் விழுந்தவற்றில் ஒன்றிரண்டை எடுத்துப் பத்திரப்படுத்தியவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். இவை தவிர, பாட்டனார் காலத்து வெள்ளி ரூபாய்கள் துணி முடிச்சாக இரும்புப் பெட்டியின் அடித்தட்டில் கிடக்கும். ஓட்டைக் காலணாவும், அலுமினியப் பத்துப் பைசாவும் பழைய ஆர்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கும்.

இப்படிச் சேர்த்து வைக்கத் தெரிந்த நமக்கு, வைத்ததைக் கெடாமல் காக்கத் தெரியவில்லை என்பதே வருத்தமான செய்தி. மிளகாய் வற்றலில் வண்டு விழாமலும், வெல்லம் கசியாமலும், மஞ்சளில் பூஞ்சை பிடிக்காமலும் காப்பது எப்படி என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே அக்கறையைக் காசுக்கும் காட்டினால் போதும். காசும் ஒரு சரக்குதான். மளிகை மொத்த வியாபாரத்திலும், ஓய்வு நேரத்தில் காசு சேர்ப்பதிலும் பல ஆண்டுகளாக இருந்து வருபவன் என்ற முறையில், நான் அறிந்தவற்றை நம் வணிகச் சகோதரர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

மதிப்பு எங்கே இருக்கிறது?

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நம் முன்னோர் 'ரூபா எடை' என்று நிறுத்ததும் இதைக் கொண்டே. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 91.7 பங்கு வெள்ளி. இந்த வெள்ளிக்கு உண்டான விலை எந்த நகைக்கடையிலும் கிடைக்கும். ஆனால் சேகரிப்பவர் கொடுக்கும் விலை வெள்ளிக்கு மட்டுமல்ல. அந்த ஆண்டுக் காசு எவ்வளவு அரிது, அச்சடித்தபோது இருந்த முகம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தே அவர் விலை சொல்வார். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முதல் ரூபாய் வெளிவந்தது. மன்னர் அணிந்திருந்த அங்கியில் ஒரு சிறு யானை உருவம் பொறித்திருந்தார்கள். துதிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்துவிட்டதால் அது பார்ப்பதற்குப் பன்றியைப் போல் இருக்கிறது என்று மக்களிடையே எதிர்ப்புக் கிளம்பியது. அரசாங்கம் வெளியிடுவதை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1912இல் யானையின் உருவத்தைத் திருத்தி அச்சடித்தார்கள். இன்றைக்கு 1911ஆம் ஆண்டு ரூபாய்க்கு உள்ள கிராக்கி எல்லாம் அங்கியில் உள்ள அந்தச் சிறு உருவத்துக்காகத்தான். கடுகளவு மேடு அது. சாம்பலும் புளியும் போட்டு நான்கு முறை தேய்த்தால் மழுங்கிப் போகும். பிறகு கையில் இருப்பது ஒரு தோலா வெள்ளி மட்டுமே.

துலக்கியதால் வந்த நட்டம்

எங்கள் பகுதியில் ஒரு வணிகக் குடும்பத்தில் நடந்ததை இங்கே சொல்லலாம். பெரியவர் காலமான பிறகு சகோதரர்கள் மூவரும் பாகம் பிரித்துக் கொண்டார்கள். நிலம், கடை எல்லாம் சுமுகமாகப் பிரிந்தன. வெள்ளி ரூபாய்கள் இருந்த பித்தளைச் செம்பு மட்டும் மீதி. விலைக்குக் கொடுத்து, வரும் தொகையைத் தாயார் பெயரில் வங்கியில் போடுவது என்று முடிவாயிற்று. நல்ல எண்ணம்தான். காசு கறுத்துக் கிடக்கிறதே, வாங்க வருபவர் முன் பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று வீட்டில் இருந்தவர்கள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து துலக்கினார்கள். வந்த நாணய வியாபாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டுத் தராசைக் கேட்டார். மொத்தமாக நிறுத்து, வெள்ளி விலை மட்டும் போட்டார். "முந்தா நாள் வந்திருந்தால் இதில் ஏழெட்டுக் காசுக்குத் தனி விலை சொல்லியிருப்பேன் அண்ணாச்சி" என்று அவர் சொன்னதுதான் அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை ஆறவில்லை. அந்தத் தாயாருக்கு வரவேண்டிய பணம் புளித் தண்ணீரோடு சாக்கடையில் போய்விட்டது.

பொன்னின் குடத்துக்குப் பொட்டு எதற்கு என்பார்கள். பழங்காசுக்கும் பளபளப்பு வேண்டியதில்லை. வெள்ளியின் மேல் சீராகப் படிந்திருக்கும் கருஞ்சாம்பல் நிறம் அழுக்கு அல்ல. காற்றோடு சேர்ந்து வெள்ளி தானே போர்த்திக்கொண்ட மெல்லிய படலம் அது. தேய்க்கும்போது அந்தப் படலத்தோடு அடியில் உள்ள வெள்ளியும் போகிறது. மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான மயிரிழைக் கீறல்களும் விழுகின்றன. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிவது பூதக்கண்ணாடியில் காயமாகத் தெரியும்.

காசைக் கெடுக்கும் ஐந்து பகைகள்

டீத்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் பெருங்காய டப்பாவை வைக்கும் வியாபாரி உண்டா? ஒரு சரக்கின் குணம் மற்றொன்றைத் தொற்றும் என்பது நமக்குத் தெரியும். காசுக்கும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பதே அதைக் கெடுக்கிறது.

முதல் பகை கந்தகம். வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றில் உள்ள கந்தக வாயுக்கள். பூண்டு, வெங்காயம், பெருங்காயம் ஆகியவற்றின் மணத்திலேயே கந்தகச் சேர்மங்கள் உண்டு. பட்டாசிலும் கந்தகம் உண்டு. நாம் அன்றாடம் பொட்டலத்துக்கும் நோட்டுக் கட்டுக்கும் போடும் ரப்பர் வளையத்திலும் கந்தகம் சேர்க்கப்படுகிறது. ஆகவே வெள்ளிக் காசை வைப்பதற்கு மளிகைக் கடையைக் காட்டிலும் மோசமான இடம் இல்லை. பத்துப் பத்தாக அடுக்கி ரப்பர் போட்டு வைப்பவர்கள், சில ஆண்டு கழித்துப் பிரித்தால் வளையம் பட்ட இடத்தில் கருங்கோடு விழுந்திருப்பதைக் காண்பார்கள்.

இரண்டாம் பகை ஈரமும் உப்பும். காற்றில் ஈரம் மிகும்போது மற்ற எல்லாக் கேடுகளும் வேகம் பெறுகின்றன. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே உப்பும் இருக்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்புக் காசில் பச்சைக் களிம்பு ஏறும். துருப்பிடிக்காத எஃகுக் காசில்கூடச் செம்புள்ளி விழும். உப்பு, கருவாடு வியாபாரம் செய்பவர்கள் கடையில் காசு வைக்கவே கூடாது.

மூன்றாம் பகை நம் கை. விரலில் வியர்வை உண்டு. வியர்வையில் உப்பும், எண்ணெய்ப் பசையும், அமிலமும் உண்டு. கண்ணாடி போன்ற முகமுள்ள புதுக் காசில் கட்டைவிரல் பட்டால் அன்று ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் விரல் ரேகை அப்படியே பதிந்திருக்கும். பிறகு அது போகாது. காசைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதும் கூடாது. எச்சில் துளி தெறித்த இடத்தில் கரும்புள்ளி விழும். வெற்றிலை போடும் அன்பர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

நான்காம் பகை பி.வி.சி. எனப்படும் மெதுவான பிளாஸ்டிக். மடித்தால் துணி போல் வளையும் உறைகளும், விலை மலிவான ஆல்பங்களும் பெரும்பாலும் இதில் செய்யப்படுபவை. பிளாஸ்டிக் மெதுவாக இருப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் வெளியே கசிந்து காசின் மேல் பச்சைப் பிசினாகப் படிகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது வெளிவரும் அமிலம் காசை அரிக்கிறது. ஆசையோடு ஆல்பம் வாங்கி அடுக்கி வைத்தவர்களுக்குத்தான் இந்தக் கேடு அதிகம் நேர்கிறது. புது ரெக்சின் போல் வாடை அடிக்கும் எந்த உறையையும் வாங்காதீர்கள்.

ஐந்தாம் பகை காகிதமும், மரமும், பசையும். செய்தித்தாளிலும் சாதாரண அட்டையிலும் அமிலம் உண்டு. தீப்பெட்டி, சிகரெட் அட்டை, பழைய காலண்டர் தாள் எதுவும் ஆகாது. மரப்பெட்டியும் பிளைவுட் அலமாரியும் வெளிவிடும் அமில ஆவி செம்பையும், அதைவிட ஈயத்தையும் தாக்கும். சாதவாகனர் காலத்து ஈயக் காசு போன்றவற்றை மரப்பெட்டியில் வைத்தால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும். செல்லோடேப் ஒட்டி வைத்த காசில் பசை காய்ந்து கறையாகும். கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. கற்பூரம், அந்துருண்டை இரண்டும் பூச்சிக்காகப் பீரோவில் போடுபவை. இவற்றின் ஆவி காசின் மேல் படியும் என்பதால் இவற்றையும் விலக்க வேண்டும்.

உலோகம் அறிந்து காப்போம்

எல்லாக் காசுக்கும் ஒரே குணம் இல்லை. பருப்பையும் பச்சரிசியையும் ஒரே மாதிரி வைப்பதில்லையே!

வெள்ளி: 1939 வரை அடித்த ரூபாயில் வெள்ளி மிகுதி. அதில் 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. போலிகளும் உலவுகின்றன. 1940 முதல் வந்தவற்றில் வெள்ளி நூற்றுக்கு 50 பங்குதான். மீதியில் செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. செம்பு மிகுதியாக இருப்பதால் இவை சீக்கிரம் நிறம் மாறும். களிம்பும் ஏறும். பழைய ரூபாயைக் காட்டிலும் இவற்றுக்கு ஈரக் காப்பு அதிகம் தேவை. 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டு 10 ரூபாயில் வெள்ளி 80 பங்கு.

செம்பு: இது சீராகப் பழுப்பேறினால் அழகு. அதைத் தொடவே கூடாது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தால் இளஞ்சிவப்பாக வெளுத்துப்போன நிறம் வரும். அது உண்மையான செம்பு நிறமும் அல்ல, பழைய நிறமும் அல்ல. பார்த்தவுடனேயே 'இது கழுவிய காசு' என்று சொல்லிவிடுவார்கள். சோழர் காலத்துச் செப்புக் காசு, கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சிறு காசு போன்றவற்றில் மண்ணின் உப்பு உள்ளேயே தங்கியிருக்கும். ஈரம் பட்டால் வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். துடைத்தாலும் மறுபடி கிளம்பும். பூச்சி விழுந்த மூட்டையைத் தனியே ஒதுக்குவது போல் அந்தக் காசை உடனே ஒதுக்கி, ஈரமில்லாத டப்பாவில் தனியாக வைத்து, அத்துறை அறிந்தவரிடம் காட்ட வேண்டும். இது சாதாரண வேலை அல்ல. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளை இத்தகைய கேட்டிலிருந்து காப்பதற்காகவே 1930இல் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள் என்றால் இதன் அருமை புரியும்.

அலுமினியம்: 1960களின் நடுவிலிருந்து வந்த சிறு பைசாக்கள் அலுமினியக் கலவை. எடை குறைவு, மிருதுவானவை. ஒன்றோடொன்று உரசினாலே கீறல் விழும். புளிப்பும் ஆகாது, சுண்ணாம்பும் சோடாவும் ஆகாது. ஈரத்தில் வேறு உலோகக் காசோடு ஒட்டிக் கிடந்தால் வெண்பொடி கிளம்பி அரிக்கும். எனவே தனித்தனி உறை அவசியம். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போய்விட்டன. இனி புதிதாக வரப்போவதில்லை என்பதால் இருப்பதைக் காப்பதே வழி.

நிக்கலும் எஃகும்: 1964இல் நேரு உருவத்துடன் வந்த நிக்கல் ரூபாய் போன்றவை உறுதியானவை. இவற்றைக் காப்பது எளிது. 1988 முதல் வந்த எஃகுக் காசுகளும் அப்படியே. கடற்கரை ஊர்களில் மட்டும் எச்சரிக்கை தேவை.

தங்கம்: தங்கம் கறுக்காது. ஆனால் 22 காரட் சவரனில் செம்பு கலந்திருப்பதால் செம்புள்ளி விழக்கூடும். மிருதுவாகவும் இருப்பதால் உரசல் விழும். காது வைத்துக் காசுமாலையில் கோத்த சவரனுக்குத் தங்க விலைதான் உண்டு, நாணய விலை இல்லை.

உறையும் டப்பாவும்

நாணயம் விற்பவர்களிடம் இரண்டு அங்குலச் சதுர அட்டைகள் கிடைக்கும். நடுவே வட்டத் துளையும், அதில் மைலார் என்னும் பாலியெஸ்டர் படலமும் இருக்கும். காசை நடுவில் வைத்து மடித்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். காசின் அளவுக்கு ஏற்ற துளை பார்த்து வாங்குங்கள். பின்னின் முனைகளைக் குறடால் தட்டையாக அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து அட்டையைக் கிழிக்கும். காசை வெளியே எடுக்கும்போது பின்னைக் கழற்றிய பிறகே எடுக்க வேண்டும். இழுத்து எடுத்தால் பின் கீறிவிடும்.

விலை உயர்ந்த காசுக்குக் கடினமான அக்ரிலிக் கூடு நல்லது. 2010ஆம் ஆண்டு பொறித்த, தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு 1000 ரூபாய் வெள்ளி நாணயம் போன்றவற்றை நாணயச் சாலையின் பொதியிலேயே விட்டுவிடலாம். அதைப் பிரித்து வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் கைக்குக் கை கொடுக்கத் தேவையில்லை.

வாங்கும் உறை பி.வி.சி.யா என்று ஐயம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. செம்புக் கம்பியின் முனையைச் சூடாக்கி உறையின் ஓரத்தைத் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். பச்சை நிறத்தில் சுடர் எழுந்தால் அது பி.வி.சி. அந்தப் புகை நச்சு. வெட்டவெளியில், சிறு துண்டு மட்டும் எடுத்து, காசு பக்கத்தில் இல்லாதபோது செய்ய வேண்டும்.

அட்டைகளை அடுக்கி, மூடி இறுக்கமான பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். மருந்து பாட்டிலிலும் காலணிப் பெட்டியிலும் வரும் அதே பொருள்தான். நிறம் மாறும் வகை வாங்கினால் ஈரம் குடித்ததைக் கண்ணால் அறியலாம். தீர்ந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதில்லை. மணிகளைத் தட்டில் பரப்பி 100 முதல் 120 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சிறு ஈரப்பத மானி ஒன்று உள்ளே வைத்தால் இன்னும் நல்லது. 40 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஈரம் இழுக்க அரிசி போடும் வழக்கம் வேண்டாம். தவிடும் தூசியும் வண்டுமே மிஞ்சும்.

எங்கே வைப்பது?

கடையில் வேண்டாம். வீட்டில் சமையலறைச் சுவரும், குளியலறைச் சுவரும் ஆகாது. மொட்டைமாடிக்கு நேர் கீழே வெயில் சூடு இறங்கும் அறையும் ஆகாது. சூடும் குளிரும் மாறிமாறி வந்தால் உள்ளே ஈரம் முத்து முத்தாகப் படியும். நடு அறையில், தரையிலிருந்து உயரத்தில், இரும்புப் பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். புதிதாகப் பெயிண்ட் அடித்த பீரோவாக இருந்தால் வாடை முழுதும் போகும்வரை காத்திருங்கள்.

பூசை விஷயத்தில் ஒரு வார்த்தை. ஆயுத பூசையன்று காசுகளுக்குச் சந்தனம் குங்குமம் இட்டுக் கல்லாவில் வைப்பது நம் மரபு. பாலபிடேகம் செய்பவர்களும் உண்டு. மரபை விட வேண்டாம். நடப்பில் உள்ள புது ரூபாயைக் கொண்டு செய்யுங்கள். லட்சுமி புது ரூபாயிலும் இருக்கிறாள். பாட்டனாரின் ரூபாய் டப்பாவிலேயே இருக்கட்டும்.

வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர்களுக்கும் ஒரு சொல். திருட்டுக்குப் பெட்டகம் பாதுகாப்பு. ஈரத்துக்கு அல்ல. அங்கும் மூடி இறுக்கமான டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். ரிசர்வ் வங்கி 2021இல் அறிவித்து 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு என்ற அளவோடு நின்றுவிடும். வங்கியின் கவனக்குறைவு இல்லாதபோது வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. கீழ்த்தளத்தில் உள்ள பெட்டகத்தை எடுக்கும் முன் யோசியுங்கள்.

அழுக்கு இருந்தால் என்ன செய்வது?

முதல் விதி: ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டாம் விதி: செய்தே ஆக வேண்டும் என்றால் தேய்க்காதீர்கள்.

மண்ணோ தூசியோ இருந்தால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, மெத்தென்ற பருத்தித் துணியில் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். வெள்ளத்தில் நனைந்த காசுக்கும் இதுவே முதலுதவி. நன்றாகக் காய்ந்த பிறகே உறையில் போட வேண்டும்.

வெள்ளியிலோ நிக்கலிலோ பி.வி.சி. பிசின் படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில் நனைத்து எடுக்கலாம். இது ரசாயனக் கடையில் கிடைக்கும். நகப்பூச்சு அகற்றும் திரவம் இதற்கு மாற்றாகாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சட்டென்று தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் அருகில் கூடாது. செம்பில் தயக்கம் இருந்தால் தெரிந்தவரிடம் விடுங்கள்.

புளி, எலுமிச்சை, விபூதி, சாம்பல், பற்பசை, பாத்திரப் பொடி, நகைக்கடையில் வெள்ளியை முக்கும் திரவம் இவை அனைத்தும் குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் ஏற்றவை. காசுக்கு அல்ல.

இருப்புப் பதிவேடு

சரக்கு இருந்து கணக்கு இல்லாவிட்டால் அது சரக்கே அல்ல. ஒரு நோட்டில் ஒவ்வொரு காசுக்கும் வரிசை எண், ஆண்டு, எடை, உலோகம், வாங்கிய நாள், கொடுத்த விலை ஆகியவற்றை எழுதுங்கள். நாணயச் சாலையின் குறியையும் எழுதுங்கள். நம் நாட்டுக் காசில் ஆண்டு எண்ணுக்குக் கீழே வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. செல்போனில் இரு பக்கமும் படம் எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டு நிறம் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆண்டுக்கு இரு முறை இருப்புப் பார்த்தால் போதும். மழைக்கு முன் புரட்டாசியில் கடையை ஒதுங்க வைக்கும்போது ஒரு முறை, மழை ஓய்ந்து தையில் வீட்டை வெள்ளையடிக்கும்போது ஒரு முறை. காய்ந்த கையால், மேசை மேல் மெத்தென்ற துணி விரித்து, விளிம்பைப் பிடித்துப் பாருங்கள். பச்சைப் பொடி, பிசுபிசுப்பு, வெண்பொடி ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தால் அந்தக் காசை உடனே ஒதுக்குங்கள். சீரான நிறமாற்றம் மட்டும் என்றால் மூடி வைத்துவிடுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருப்பது வணிகர்க்கு அழகு. அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள் புதையலாகக் காசு கிடைத்தால், 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறு ஆண்டு நிறைந்த காசு தொல்பொருளாகக் கருதப்படும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 'சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தனுப்புகிறேன்' என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அரசு வெளியிட்ட நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றம்.

முடிவாக

வணிகச் சகோதரர்களே! காசு காப்பதற்குச் செலவு அதிகம் இல்லை. மைலார் அட்டை, ஒரு நல்ல டப்பா, இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல், ஒரு நோட்டு. இவ்வளவுதான். இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. இதை வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். நாம் எவ்வளவு பக்குவமாகக் காத்தாலும், நமக்குப் பின் பெட்டியைத் திறப்பவர்கள் நல்ல எண்ணத்தோடு ஒரு நாள் துலக்கிவிட்டால் எல்லாம் வீண். எனவே டப்பாவின் மூடி மேலேயே கொட்டை எழுத்தில் 'துலக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டுங்கள். மனைவி, மக்கள், மருமக்கள், பேரக்குழந்தைகள் எல்லோரும் அதைப் படிக்கட்டும்.

இந்தப் புரட்டாசியிலேயே இரும்புப் பெட்டியின் அடித்தட்டில் உள்ள அந்தத் துணி முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். ரப்பர் வளையம் இருந்தால் முதலில் அதை வெட்டி எறியுங்கள். மற்றவை தானே தொடரும்.

வாழ்க வணிகம்! வளர்க நம் சங்கம்!